கல்கட்டு இல்லாத வளைவு

முத்துக்கண்ணன் இறந்து நாற்பது நாள் ஆகியும், அவன் குடித்துவிட்டு ஜீப் ஓட்டினான் என்ற பேச்சு மட்டும் சாகவில்லை. ராசிங்காபுரம் குழாயடியிலும் போடி போகிற பஸ்ஸிலும் அது தினமும் நடமாடிக்கொண்டிருந்தது. அவன் மகள் பானுப்பிரியா காலேஜ் பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டில் யாராவது தொண்டையைச் செருமுவார்கள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள்.

ஆடிக் கடைசியில், போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பாண்டித்துரையின் ஏலத்தோட்டத்துச் சாலையில் அது நடந்தது. சாயங்காலம் காய் எடுப்பு முடிந்து ஆறு பெண்களை ஏற்றிக்கொண்டு வந்த ஜீப், மூன்றாவது வளைவில் வெளிப்பக்கமாகச் சரிந்து பள்ளத்துக்குப் போனது. முத்துக்கண்ணனும் கார்முகில் என்ற பெண்ணும் அங்கேயே இறந்தார்கள். மற்ற ஐந்து பேருக்கும் கையும் காலும் முறிந்தன. பாண்டித்துரை போலீசிடம், "வண்டிக்குள்ள பாட்டில் கெடந்துச்சு. நானே கண்ணால பாத்தேன்" என்றான். ரத்தப் பரிசோதனை முடிவு வரும், வரும் என்றார்கள். அது வரவில்லை.

கார்முகிலுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அக்கா அன்னக்கொடி, மூன்றாம் நாள், முத்துக்கண்ணன் வீட்டு வாசலுக்கு வந்து இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். முத்துக்கண்ணனின் மனைவி சந்திரவல்லி உள்ளேயிருந்து அதைப் பார்த்தபடி நின்றாள். அன்னக்கொடிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் மலைமேல் இருந்தது.

"அந்தாளு குடிக்க மாட்டான்னு நான் சொன்னா யாரு கேப்பா?" என்று கொழுந்தன் சீனிச்சாமியிடம் கேட்டாள்.

சீனிச்சாமியும் ஜீப் டிரைவர்தான். "மதினி, அந்த வளைவுல வெளிப்பக்கம் கல்கட்டு இருக்கும். எங்கப்பா காலத்துல கட்டுனது. ஆளு ஒசரம். யானை சாஞ்சாலும் அசையாது. அது இருந்திருந்தா ரோடு எப்படிச் சரியும்?"

"அப்ப அது இல்ல."

"இல்லன்னுதேன் நெனைக்கிறேன். மேலருந்து பாத்தா புல்லுதேன் தெரியும். கல்கட்டு ரோட்டுக்குக் கீழயில்ல இருக்கு. இப்பக் கேட்டுல பூட்டுப் போட்டுட்டான். வெளி ஆளை விடுறதில்ல. திங்கக்கெழமை கான்கிரீட் போடப் போறானாம். போட்டுட்டா எல்லாம் உள்ள போயிரும்."

அன்று புதன்கிழமை.

சந்திரவல்லி போடியில் ஒரு கமிஷன் கடை மாடியில் காய் பிரிக்கிற வேலை செய்தாள். மேசையில் கொட்டிய ஏலக்காயில் பச்சை, வெளிறியது, வெடித்தது, பூச்சி விழுந்தது என்று பார்த்த பார்வையிலேயே ஒதுக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறாள். வியாழக்கிழமை மேசைக்குப் போகாமல் மன்சூர் கடைக்குப் போனாள்.

மன்சூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுது பார்க்கிறவன். கல்யாணங்களுக்கு டிரோன் பறக்கவிட்டுப் படமும் எடுப்பான். கடையில் வாங்கிய டிரோன் இல்லை அது. மோட்டாரும் போர்டும் காமிராவும் தனித்தனியாக வாங்கி, தன் கையாலேயே சேர்த்தது. முத்துக்கண்ணன் ஜீப்பில்தான் அதைத் தூக்கிக்கொண்டு மலைக் கல்யாணங்களுக்குப் போவான்.

வளைவுக்குக் கீழே டிரோனை விட்டுப் படம் எடுத்துத் தரவேண்டும் என்று அவள் கேட்டதும் அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான்.

"அக்கா, அண்ணனுக்காக நான் என்ன வேணாலும் செய்வேன். ஆனா இது நிக்க மாட்டேங்குது. வைகாசில தேவாரத்துல ஒரு கல்யாணத்துல பந்தல் மேல விழுந்துச்சு. ஒயரெல்லாம் மாத்திப் பூட்டுனேன். அதுலருந்து இப்பிடித்தேன்."

"நிக்கலன்னா?"

"கையை எடுத்தா எந்த எடத்துல இருக்கோ அங்கயே நிக்கணும். மேல இருக்க சேட்டிலைட்டப் பாத்து தன் எடத்தை அதுவே தெரிஞ்சுக்கிரும். காத்துத் தள்ளுனாலும் திரும்பி வந்து நிக்கும். இப்ப வட்டம் போடுது. போட்டுக்கிட்டே பெருசாகுது. அந்தச் சரிவுல, கல்லுக்கு நாலடியில நிறுத்திப் படம் எடுக்கணும்னா, மோதிச் சுக்குநூறாப் போகும்."

"அப்ப சரி பண்ணு."

"பாத்துட்டேங்க்கா. தெரியல."

"மன்சூரு, நான் இங்கதேன் உக்காந்திருப்பேன்" என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் ராசிங்காபுரம் கண்மாய்க்குள் தண்ணீர் வற்றிய இடத்துக்குப் போனார்கள். மன்சூர் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டான். ரிமோட்டைப் பிடிக்க ஆள் வேண்டும். சீனிச்சாமி லோடுக்குப் போயிருந்தான். சந்திரவல்லி கையில் கொடுத்தான்.

"இந்தக் குச்சி ஏத்த எறக்க. இது முன்ன பின்ன. பதறாம மெதுவாத் தள்ளணும். வேணாம்னா விட்ருங்க. அதுவா நடுவுக்கு வந்துரும்."

முதலில் சேட்டிலைட் போதவில்லையோ என்று பார்த்தார்கள். எடுத்தவுடன் ஏழுதான் தெரிந்தது. கால் மணி நேரம் காத்திருந்தால் பதினாறு வந்தது. பதினாறிலும் டிரோன் ஆளுயரத்தில் மெல்ல வட்டம் போட்டது. பிறகு திசைகாட்டி. டிரோனுக்கு வடக்கு எது என்று சொல்லித் தரவேண்டும். கையில் பிடித்து எல்லாப் பக்கமும் புரட்டிப் புரட்டிக் காட்டினான் மன்சூர். தன் வாட்சையும் பெல்ட்டையும் கழற்றி வைத்தான். சந்திரவல்லியின் வளையலில் கோத்திருந்த ஊக்குகளைப் பார்த்துவிட்டு, "இதையுந்தேன்க்கா. இரும்பு கிட்ட இருந்தா வடக்கு கோணிரும்" என்றான். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றி முந்தானையில் முடிந்து, பத்தடி தள்ளி நின்றாள். அதற்குப் பிறகும் வட்டம் போட்டது. விசிறிகளில் ஒன்று நுனி சிதைந்து அதிர்கிறதோ என்று நான்கையும் மாற்றினான். சத்தம் குறைந்தது. வட்டம் குறையவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து கடையைத் திறந்ததும், விசிறிகளைக் கழற்றிவிட்டு மேசைமேல் மோட்டார்களை ஓடவிட்டுப் பார்த்தான். திரையில் வடக்கைக் காட்டும் முள் அசையாமல் நின்றது.

"பாருங்க, ஒரு கொறையும் இல்ல. என் புத்திதேன் கெட்டுப் போச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

சந்திரவல்லி அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு வருகிற காயைப் பார்க்கிற அதே பார்வை.

"நேத்து நான் பிடிச்சுப் பாத்தேன்ல? தரைக்குக் கிட்ட இருந்தப்பச் சின்ன வட்டம். ஏத்துறப்பதேன் பெருசாச்சு. ஏத்துறதை நிறுத்துனா மறுபடிச் சின்னதாச்சு. இப்ப விசிறி இல்லாமச் சும்மா சுத்துது. பாரம் தூக்குனாத்தேன் அதுக்குக் கோளாறு வரும் போல."

மன்சூர் அவளை ஒரு கணம் பார்த்தான். பிறகு எழுந்து, பக்கத்துப் பரோட்டாக் கடையிலிருந்து மரப்பலகையும் கயிறும் வாங்கி வந்தான். விசிறிகளை இடம் மாற்றிப் பூட்டினான். அப்படிப் பூட்டினால் டிரோன் மேலே எழும்பாமல் கீழே அழுத்தும். பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, "எட்டி நில்லுங்க. இப்ப மெதுவா ஏத்துங்க" என்றான்.

அவள் குச்சியைத் தள்ளினாள். கடையில் தொங்கிய கவர்களெல்லாம் படபடத்தன. திரையில் வடக்கைக் காட்டிய முள் நகர்ந்தது. இன்னும் தள்ளினாள். முள் கிழக்குப் பக்கமாக முக்கால்வாசி போய் நின்றது. விட்டாள். முள் தன் இடத்துக்கு வந்தது.

"அட, இத்தினி நாளா…" மன்சூர் டிரோனைப் புரட்டினான். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் திசைகாட்டிக்கு நேர் கீழே ஒரு சுற்றுச் சுற்றிப் போயிருந்தன. "பந்தல்ல விழுந்தப்ப நாந்தேன் இந்த வழியா விட்டேன். கரண்ட் கூடப் போகப் போக இந்த ஒயரே காந்தமாகுது. வடக்கை இழுத்துருது. வடக்கு தப்பாப் போனா, இது நேராப் போறதா நெனச்சுக் கோணலாப் போவும். திருத்தப் போயி மறுபடி கோணும். அதுதேன் வட்டம்."

இரண்டு ஒயரையும் கயிறு முறுக்குவதுபோல் ஒன்றோடொன்று முறுக்கி, பக்கவாட்டில் ஓட்டினான். திசைகாட்டியை நாலு விரற்கடை உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்மேல் ஏற்றினான். இரும்புத் திருகுகளை எடுத்துவிட்டு நைலான் திருகு போட்டான். மறுபடி பலகையில் கட்டிச் சோதித்தார்கள். முள் ஒரு நூல்தான் அசைந்தது.

அன்று சாயங்காலம் கண்மாய்க்குள், புதிதாக வடக்கைக் காட்டிக்கொடுத்தபின், டிரோன் தலைக்குமேல் ஆணியடித்ததுபோல் நின்றது. மேற்கேயிருந்து காற்று வந்தது. ஒரு பக்கம் சாய்ந்தது, திரும்ப வந்து நின்றது. மன்சூர் சிரித்தான். சந்திரவல்லி சிரிக்கவில்லை.

"நாளைக்கு வெரசாக் கெளம்புவோம்" என்றாள்.

பாண்டித்துரையின் தோட்டத்துக்கு எதிர்ச்சரிவில் சீனிச்சாமிக்குத் தெரிந்த ஒருவரின் தோட்டம் இருந்தது. காலையில் மேகம் வளைவுகளை மூடிக் கிடந்தது. ஜீப்புக்குள் உட்கார்ந்து கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். பத்தரைக்குமேல் மேகம் கிழிந்து பள்ளத்தாக்கு தெரிந்தது. பாண்டித்துரையின் சாலை எதிரே ஒரு சிவப்புக் கோடாக இறங்கியது. மூன்றாவது வளைவில் நீலத் தார்ப்பாய் விரித்து மண் மூட்டை வைத்திருந்தார்கள்.

மன்சூர் ஓட்டினான். டிரோன் தார்ப்பாயின் கீழ்விளிம்புக்குப் போய், சரிவுக்கு நாலடியில் நின்றது. காமிரா மெல்ல மேலும் கீழும் போனது. அடி வரிசைக் கற்கள் அப்படியே இருந்தன. அதற்கு மேல், இரண்டு ஆள் கைவிரித்து நின்ற அகலத்துக்கு ஒரு கல் கூட இல்லை. இடிந்து விழுந்திருந்தால் கல் கீழே கிடக்கும். கிடக்கவில்லை. இரண்டு ஓரத்திலும் கடப்பாரை நெம்பிய தடம் பல் பதிந்ததுபோல் தெரிந்தது.

"கல்லு எங்க போச்சு?" என்றான் சீனிச்சாமி.

"மேல ஏத்து மன்சூரு. அந்தப் புது ஸ்டோரைக் காட்டு."

வளைவுக்கு மேலே பாண்டித்துரை காய் உலர்த்துவதற்குப் புது ஸ்டோர் கட்டிக்கொண்டிருந்தான். அஸ்திவாரம் எழும்பி நின்றது. அதன் கற்களில் அங்கங்கே வெள்ளைச் சுண்ணாம்பு. கல்கட்டின் வெளிமுகத்தில் அந்தக் காலத்தில் அடித்த சுண்ணாம்பு; கீழே மிஞ்சிய அடி வரிசையிலும் அதுவே இருந்தது. சில கற்களில் அது வழிந்த கோடு தலைகீழாக இருந்தது.

சீனிச்சாமி அழுதுவிட்டான். சந்திரவல்லி திரையைப் பார்த்துக்கொண்டே, "பாண்டித்துரையை அந்த வளைவுல, அதே எடத்துல நிக்க வைக்கணும். கீழ பாக்க வைக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அன்னக்கொடி வீட்டுக்குத்தான் போனாள். பானுப்பிரியாவும் கூட வந்தாள். அன்னக்கொடி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சந்திரவல்லி போனை அவள் மடியில் வைத்துவிட்டு நின்றாள். அன்னக்கொடி பார்த்தாள். படம் முடிந்தபின்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வல்லி, இந்தக் கல்லைச் சொமந்தது நாங்கதேன்."

சந்திரவல்லிக்கு விளங்கவில்லை.

"நானும் எந்தங்கச்சியும் இன்னும் நாலு பேரும். பங்குனில காய் இல்லாத நாளு. கல்லு வெலைக்கு வாங்கணும், மெனக்கெட்ட வேலைன்னுட்டு, இதை எடுங்கன்னு மொதலாளி சொன்னாக. மழைக்கு முன்னாடி வேற கல்லு வச்சுக் கட்டிருவேன்னாக. நாங்க நெம்பி எடுத்தோம். வண்டியில ஏத்தி மேல கொண்டுபோயி எறக்குனது…" அவள் நிறுத்தினாள்.

"சொல்லு."

"ஒம்புருசந்தேன். மூணு நாளு ஓட்டுனாக. 'மொதலாளி, இது சரியில்ல, கட்டிருங்க'ன்னு எங்க முன்னாடியே சொன்னாக. மொதலாளி தலையாட்டுனாக. அதுக்கப்புறம் யாரும் கேக்கல. நானும் கேக்கல." அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "எந்தங்கச்சி சொமந்த கல்லு அது. அதனாலதேன் ஒன் வாசல்ல வந்து மண்ணை வாரிவிட்டேன். எனக்கு வேற எங்க போறதுன்னு தெரியல."

திரும்பும் வழியில் பானுப்பிரியா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, கல்லு இல்லன்னு மட்டும் சொல்லுவோம். அப்பா ஏத்துனதைச் சொல்ல வேணாம். அது வேற பேச்சாப் போகும்."

"அதை மறைச்சா அவன் அதையே பிடிச்சுக்கிருவான். நான் அவனுக்கு ஒரு கவ்வுறதுக்குக் கூட எடம் வைக்க மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் போடி ஜீப் ஸ்டாண்டில் டீ ஆறிக்கொண்டிருந்தது. மலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காடையுமாக ஜீப்புகளைச் சுற்றி நின்றார்கள். சந்திரவல்லி ஒரு ஜீப்பின் முன்பக்கத்தில் மன்சூரின் லேப்டாப்பை வைத்தாள். டிரைவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"கல்லை ஏத்துனது எம்புருசன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "நெம்பி எடுத்தது அன்னக்கொடியும் கூட வேலை பாத்தவுகளும். எடுக்கச் சொன்னது பாண்டித்துரை. திருப்பிக் கட்டாம விட்டதும் அவன். பாட்டிலை வச்சதும் அவன்தேன்னு நான் சொல்றேன். அந்த ரோட்டுலதேன் நீங்க தெனம் ஏறி எறங்குனீங்க. இன்னைக்கும் போறவுக போங்க. நான் மறிக்க மாட்டேன்."

அன்னக்கொடி முன்னால் வந்து சந்திரவல்லிக்குப் பக்கத்தில் நின்றாள். பாண்டித்துரை தோட்டத்துக்குப் போகிற நாலு ஜீப்பும் அன்று கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. கான்கிரீட்டுக்குச் சொல்லியிருந்த கொத்தனார்கள் படத்தைப் பார்த்துவிட்டு வேறு சோலிக்குப் போய்விட்டார்கள்.

ஏலத்தில் எடுப்புத் தவறினால் காய் காத்திருக்காது. செடியில் தொங்கும் சரத்திலேயே பழுத்து வெடிக்கும். அணிலும் எலியும் வந்து சேரும். பாண்டித்துரை தேவாரத்திலும் கம்பத்திலும் ஆள் தேடினான். அதற்குள் படம் அங்கெல்லாம் போயிருந்தது. ராத்திரி மழை, பகலில் வெயில் என்று பத்து நாள். தோட்டத்தில் வெடித்த காயின் வாசனை ரோடு வரைக்கும் வருகிறது என்று சீனிச்சாமி வந்து சொன்னான். சந்திரவல்லி, "இன்னும் வெடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மேசையில் காயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கியது.

பதினோராம் நாள் பாண்டித்துரை ராசிங்காபுரத்துக்கு வந்தான். ஐம்பத்தைந்து வயது, கனத்த உடம்பு. வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"ஆத்தா, நடந்தது நடந்துபோச்சு. ஒம்மகளுக்குப் படிப்பு முடியிறவரைக்கும் நான் பாத்துக்கிறேன். படத்தை அழிச்சிரு. வண்டிகளை வரச்சொல்லு."

"வண்டி வரும். நீங்க அந்த வளைவுல நின்னு, நடந்ததைச் சொல்லணும். மன்சூரு படம் பிடிப்பான். போலீசுக்குக் குடுப்போம்."

"போலீசுக்கா?"

"காய் வெடிக்குதுன்னாக."

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வாங்க" என்றான்.

மறுநாள் பதினொரு மணிக்கு வளைவில் இருபது பேர் மலைப்பக்கமாக ஒட்டி நின்றார்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டிருந்தார்கள். பாண்டித்துரை வெளிப்பக்கம், ஓரத்திலிருந்து நாலடி தள்ளி நின்றான். டிரோன் அவன் முகத்துக்கு நேரே, ஒரு ஜீப் நீளம் தள்ளி, அசையாமல் நின்றது. மன்சூர் லேப்டாப்பில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிமோட்டைத் தானே பிடிப்பதாகச் சந்திரவல்லி சொல்லியிருந்தாள்.

பாண்டித்துரை தொண்டையைக் கனைத்தான். "கல்கட்டு கொஞ்சம் பழுதாயிருந்துச்சு. அதனால எடுத்தோம். மறுபடி கட்டுறதுக்குள்ள… டிரைவர் குடிச்சிருந்ததா மத்தவுக சொல்லக் கேட்டேன். நான் அதை…"

சந்திரவல்லியின் கட்டைவிரல் குச்சியை முன்னால் தள்ளியது.

டிரோன் அவனை நோக்கி வந்தது. அவன் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் வைத்தான். அது நிற்கவில்லை. இன்னொரு அடி. விசிறிக் காற்றில் அவன் சட்டை ஒட்டிக்கொண்டது. மூன்றாவது அடியில் குதிகாலுக்குக் கீழே மண் உடைந்து, பள்ளத்துக்குள் கட்டி கட்டியாகப் போகிற சத்தம் கேட்டது.

"மதினி!" என்று சீனிச்சாமி கத்தினான்.

இன்னும் ஒரு நூல் தள்ளினால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. விரலுக்கும் அது தெரிந்தது. பழிப்பேச்சைக் கேட்ட நாற்பது நாளும் அதற்குப் பிந்திய பதினைந்து நாளும் அந்த விரல் நுனியில் வந்து நின்றன. பாண்டித்துரையின் வாய் திறந்திருந்தது. அவன் கண் அவளைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கையை எடுத்தாள். டிரோன் அவன் முகத்துக்கு மூன்றடியில், அப்படியே நின்றது.

அவன் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டு ரோட்டின் நடுவுக்கு ஊர்ந்து வந்தான். உட்கார்ந்தபடியே பேசினான். "முத்துக்கண்ணன் குடிக்கல. பாட்டிலை வைக்கச் சொன்னது நாந்தேன். கல்லை எடுக்கச் சொன்னதும் நாந்தேன். அவன் கட்டச் சொன்னான். நான் கட்டல." அன்னக்கொடி, "எந்தங்கச்சி பேரைச் சொல்லு" என்றாள். அவனுக்குப் பெயர் தெரியவில்லை. அவள் சொல்லிக்கொடுத்தாள். அவன் திருப்பிச் சொன்னான்.

அடுத்த நாள் மன்சூர் கடையில் படத்தைப் போலீசுக்காகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பானுப்பிரியா காலேஜ் பையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டிரோன் முன்னால் போகிற இடத்தில் மன்சூர் நிறுத்தினான். திரை முழுக்கப் பாண்டித்துரையின் விரல்கள்.

"அக்கா, இந்தத் துண்டை வெட்டிரவா? இதைப் பாத்தா மெரட்டி வாங்குனதுன்னு வக்கீலு சொல்லுவாக. ஒங்க மேலயே கேஸ் போட்டாலும் போடுவாக. பாண்டித்துரை ஒக்காந்து பேசுறதுலருந்து குடுத்தாப் போதும்."

சந்திரவல்லி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"எம்புருசன் செஞ்சதை ஸ்டாண்டுல நின்னு சொன்னேன். நான் செஞ்சதை மட்டும் வெட்டச் சொல்றியா?"

"இல்லங்க்கா…"

"முழுசாக் குடு" என்றாள். பிறகு மேசைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனாள்.